இலக்கம் 217

மூன்றாம் நாள் விடிய
கனடாவிலிருந்து மச்சான் ஒரு சூரியனை அனுப்பியிருந்தான்.
கீழே மஞ்சள் எழுத்து:
புன்னகையோடு நாளைத் தொடங்கு.
போனில் மூன்று வீதம் சார்ஜ் இருந்தது.
அவனுடைய சூரியனைத் திறந்ததில் ஒன்று போயிற்று.

கொக்குவில் பெற்றோல் செட்டுக்கு
எங்கோ பின்னால்,
யாரோ வெளிநாட்டுக்காரரின் மதில் நிழலில்
என் ஓட்டோ.
புறங்கையில் நீலப் பேனையால் 217.
வியர்வையில் ஏழு தேய்ந்து
ஒன்றாகிக்கொண்டிருந்தது.
"இப்பிடியே அழிஞ்சா முன்னுக்குப் போயிடலாம்" என்றேன்.
"ஆறு பேர் அடிக்க வருவினம்" என்றார் 218,
குருநகர் அன்ரன் யூட்.
அவர் மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி வெறுமையாக இருந்தது,
மணம் மட்டும் இறங்கவில்லை.
மூன்று பூனைகளும் எங்களோடு வரிசையில்.

216 சுகிர்தமலர் ரீச்சர்.
ஸ்கூட்டி இருக்கையில் கணக்குத் தாள்களைப் பரப்பித்
திருத்திக்கொண்டிருந்தார்.
"பிழைதான், ஆனால் வடிவா எழுதியிருக்கிறான்"
என்று ஒரு பெடியனுக்கு அரைப் புள்ளி போட்டார்.
மத்தியானம் கணவரைத் தெல்லிப்பழைக்குக்
கொண்டுபோக வேணும், மருந்தேற்ற.
போன முறை பஸ்ஸில்
நின்றபடியே சத்தி எடுத்தாராம்.
அதையும் கணக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

பதினொரு மணிக்கு
209 உடன் முடிந்தது.
தொங்கிய அட்டையைத் திருப்பிவிட்டார்கள்.
இல்லை என்ற சொல்
மறுபக்கத்தில் முன்பே எழுதித் தயாராக இருந்தது.

ஒருவர் ரயரை உதைத்தார்.
நான் மச்சானின் சூரியனைத் தூஷணத்தால் திட்டினேன்.
ரீச்சர் தாள்களை அடுக்கி ரப்பர் பட்டி போட்டார்.
அழவில்லை.
அழுதிருந்தால்
என்ன செய்வதென்றாவது எனக்குத் தெரிந்திருக்கும்.

அப்போதுதான் 204 திரும்பி வந்தான்.
அடித்துக்கொண்டு போன பெடியன், பெயர் கேட்கவில்லை.
"ஒரு லீற்றர் எடுங்கோ" என்று
தாங்கி மூடியைத் திறந்தான்.
ஸ்கூட்டியில் அவர் இருக்கமாட்டார் என்றார் ரீச்சர்.
சரி, என் ஓட்டோவுக்குள் விடுவோம்.
ஐஸ் தண்ணீர் வடிக்கிற குழாயை
மீன்பெட்டியிலிருந்து உருவி
யூட் வாய் வைத்து உறிஞ்சினார்.
அளவு தப்பி ஒரு மிடறு உள்ளே போய்விட்டது.
துப்பினார், இருமினார், கண் சிவந்தார்,
பிறகு நிமிர்ந்து சொன்னார்:
"இண்டைக்கு ஆரும் எனக்குப் பக்கத்தில பீடி பத்தாதேங்கோ.
நேரே பரலோகம்தான்."

சிரிப்பு பின்பக்கமாகப் போயிற்று,
பகிடி கேட்காதவர்களையும் தாண்டி,
240, 260, வளைவுக்கு அப்பால்.
அங்கேயிருந்து ஒரு குரல்:
"என்ன, பெற்றோல் வந்திட்டுதோ?"
இன்னொரு தரம் சிரித்தோம்.

தாவடி, கோண்டாவில், இணுவில்.
பின்னால் ரீச்சரின் தோளில் அவர் தலை,
மடியில் ஒரு பொலித்தீன் பை, தேவைப்பட்டால் என்று.
எஞ்சினை நிற்பாட்டி உருண்டுபோக
இந்த ஊரில் ஒரு இறக்கமும் இல்லை.
சோளகம் இருந்தது.
பின்திரையை இறக்கிவிட்டேன்,
பாய்மாதிரி காற்றைப் பிடிக்கட்டும் என்று.
அதால் எத்தனை சொட்டு மிஞ்சியதோ.
மருதனார்மடத்தில் அவர் கேட்டார்,
ஏன் எனக்குப் பெற்றோல் மணக்குது?
ரீச்சர் யூட்டின் கதையைச் சொன்னார்,
மோசமாகச் சொன்னார்,
பரலோகத்தை முதலிலேயே சொல்லிவிட்டார்.
ஆனாலும் அவர் சிரித்தார்.
இருமல் வந்தது. பை தேவைப்படவில்லை.

திரும்புகையில் காற்று முகத்தில்.
இணுவிலுக்குக் கிட்ட எஞ்சின் நின்றது.
இறங்கித் தள்ளினேன்.
போனும் செத்துக் கிடந்தது,
மச்சானுக்குப் பதில் போடத் தேவையில்லாமல்.
ஹாண்டிலைப் பிடித்த கையைப் பார்த்தேன்:
ஏழு முழுதாக ஒன்றாகிவிட்டது.
211.
அதுக்கும் பெற்றோல் இல்லை.

நடுவீதியில் தனியே சிரித்தேன்.
எதிரே சைக்கிளில் வந்த ஒருவர்
என்னவென்று கேட்காமல்
தானும் கொஞ்சம் சிரித்துவிட்டுப்
போனார்.